புது இயங்குதளத்தில் ‘ழ’ தேடிய விபரம்

தலைமன்னார்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சான் பவ்ஸான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரின் வெயிலும் கம்பனிச் சாப்பாடும் உங்களை வாட்டாமல் நாயன் காப்பானாக. இங்கே நானும் உங்கள் கூடப்பிறந்த ராத்தா றஹீமாவும் சுகம். போன வாரம் கேட்டிருந்தால் ‘சுகம்’ என்ற சொல்லை இவ்வளவு துணிந்து எழுதியிருக்க மாட்டேன். நடந்ததைப் போனில் சொன்னால் நீங்கள் இடையில் சிரித்துக் குழப்புவீர்கள். அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு விடயத்தை முதலிலிருந்து எழுதினால்தான் எனக்கே விளங்கும். ஆகவே பேனையால் எழுதி, லீவு முடிந்து உங்களிடம் திரும்பும் நஸாரிடம் கொடுத்து விடுகிறேன்.

நஸாரின் பென்ட்ரைவில் நீங்கள் ஏற்றி அனுப்பிய புது இயங்குதளம் கிடைத்தது. “பழைய லெப்டொப்பை எறியாதீங்கோ மச்சான், லினக்ஸ் போட்டுப் பாருங்கோ, பிறகு அது பறக்கும்” என்று நீங்கள் சொன்னது என் காதிலேயே நின்றது. எங்கள் லெப்டொப்பின் நிலைமை உங்களுக்குத் தெரியும். அதைத் திறந்துவிட்டுத் தேத்தண்ணி வைத்துக் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் அது இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கும். இதற்குள் றஹீமா ஒரு நாடகம் எழுதிக்கொண்டிருந்தாள். ஏதோவொரு வானொலியில் பெண்களுக்கான நாடகப் போட்டியாம், வெள்ளிக்கிழமை கடைசி நாளாம். மாதக்கணக்காக அறைக் கதவை மூடிக்கொண்டு, ஒவ்வொரு வசனத்தையும் நடித்துப் பார்த்து அடித்தாள். என்னை ஒரு வரிகூட வாசிக்க விடவில்லை. “இந்தக் கொம்பியூட்டர் முழிக்கிறதுக்குள்ள எனக்கு வசனம் மறந்து போகுது” என்று ஒருநாள் அழாக்குறையாகச் சொன்னாள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. அவள் மகள் ஷப்னாவைப் பார்க்க முசலிக்குப் போன அன்று, திரும்பி வரும்போது சந்தோஷப்படட்டும் என்று பிஸ்மி சொல்லிப் பென்ட்ரைவைச் செருகினேன்.

மொழி எது என்று கேட்டது; தமிழ் என்றேன். இன்னும் ஏதோ கேட்டது, வந்த பொத்தான் ஒன்றை அமத்தினேன். மச்சான், உண்மையாகவே பறந்தது. ஆனால் அது பேசிய தமிழ் கச்சேரியிலும் நான் கேட்காத தமிழ். ‘சாளரத்தை மூடு’ என்று வந்தது. கச்சான் காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வந்த நேரம், இயந்திரத்துக்கு இவ்வளவு அக்கறையா என்று எழும்பிப் போய் யன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். பிறகு ‘முனையத்தைத் திறக்கவும்’ என்றது. தலைமன்னாரில் இருப்பவனிடம் அப்படிச் சொன்னால் என்ன நினைப்பான்? இந்தியாவுக்குத் திரும்பவும் கப்பல் விடப்போகிறார்கள், கப்பல் முனையத்தைத் திறக்கச் சொல்லி அரசாங்க அறிவித்தல் நேரே என் வீட்டுக்கே வந்துவிட்டது என்று கொஞ்ச நேரம் பெருமையாக இருந்துவிட்டேன். அந்தப் பெருமையோடு றஹீமாவின் நாடகத்தைத் திறந்து பார்க்கப் போனேன். நாடகம் இல்லை. ஷப்னாவின் கல்யாணப் படம் இல்லை, என் ஓய்வூதியக் கடிதங்கள் இல்லை, திரையில் ஒரு மலை மட்டும் இருந்தது. குப்பைத் தொட்டியையும் திறந்து பார்த்தேன். பள்ளிவாசல் முற்றம் மாதிரித் துப்புரவாக இருந்தது. சாத்திய யன்னலை வியர்வையோடு திரும்பத் திறந்தேன். உங்களுக்குப் போன் எடுக்கலாம் என்றால், நீங்கள் அடுத்த நிமிஷமே ராத்தாவுக்குச் சொல்லிவிடுவீர்கள்.

றஹீமா வந்து, முகத்தைப் பார்த்த உடனேயே கேட்டாள். “என்ன செய்து வச்சிருக்கிறீங்கள்?”

“கொம்பியூட்டர் இப்ப நல்லா ஓடுது.”

“என்ர நாடகம்?”

“அதுவும் ஓடிட்டுது.”

பகிடி என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அறைக்குள் போனாள். உங்கள் ராத்தா ஏசினால் எனக்குப் பயமில்லை, ஏசாவிட்டால்தான் பயம். அந்தச் சோற்றை அப்படியே மூடி வைத்தேன் மச்சான். பிள்ளைகளை வளர்த்து, கட்டிக்கொடுத்து, எங்கள் எல்லாருக்கும் சமைத்துப் போட்ட பிறகு தனக்கென்று ஒரு காரியம் செய்யத் தொடங்கினவள். அதில் போய்க் கை வைத்துவிட்டேனே என்று இருந்தது.

அடுத்த நாள் விடிய, சுபஹு தொழுதுவிட்டு வந்தவள், “கதிரையை இழுத்துப் போடுங்கோ” என்றாள். “நாடகம் என்ர மனசில கிடக்கு. நான் சொல்றன், நீங்கள் அடியுங்கோ.”

நான் அடித்தேன். காமில் என்று ஒரு கணவன். வீட்டில் எதைக் கண்டாலும் பிரித்துப் பார்க்கிறவன். முதல் காட்சியில் தண்ணீர் மோட்டருக்குள் கையை விடுகிறான். கரண்ட் அடிக்கிறது. மவுத்து.

“றஹீமா, இவ்வளவு கெதியிலயா?” என்று கேட்டேன்.

“வானொலி நாடகத்தில நேரம் இல்ல. எழுதுங்கோ.”

என் மவுத்தை நானே எழுத்துப் பிழையில்லாமல் அடித்தேன். அப்போதுதான் புதுச் சிக்கல் தெரிந்தது. எழுத்துகள் முதலிலிருந்தே பழைய இடங்களில் இல்லை. தடவித் தடவி எல்லாவற்றையும் பிடித்தேன், ‘ழ’ மட்டும் அகப்படவில்லை. ‘காமிலின் மனைவி விழுந்து விழுந்து அழுதாள்’ என்றாள் றஹீமா. அடிக்க முடியவில்லை. கடைசியில் மையித்து வீட்டில் ஒருத்தரும் அழவில்லை, எல்லாரும் விம்மினார்கள். மழை பெய்ய வேண்டிய இடத்தில் காற்று அடித்தது. மவுத்தானவனுக்கு ஓதும் கத்தத்துக்குக் கோழிக்கறி போட வழியில்லாமல் ஆட்டிறைச்சி போட்டோம். “அந்தக் குடும்பத்துக்கு ஆடு கட்டுபடியாகாதே” என்று றஹீமா மெய்யாகவே கவலைப்பட்டாள். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. சிரித்து முடிந்த பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இடுப்பு நோவோடு விடியலிலிருந்து குந்தியிருந்ததைக் கண்டிருப்பாள் போல.

“சரி, காமில் மவுத்தாகேல்ல. மயக்கம்தான். முருங்கன் ஆஸ்பத்திரியில கிடக்கிறான். மனிசி பக்கத்தில இருந்து ஓதுறா. அப்ப அவன் கண் முழிச்சான். எழுதுங்கோ.”

முழிச்சான்! மச்சான், ‘ழ’ இல்லாமல் எப்படி முழிப்பான்? “கண் திறந்தான் எண்டு போடுவமா?” என்று கெஞ்சினேன்.

“திறந்தான் எண்டா பொம்மை மாதிரி. முழிச்சான் எண்டாத்தான் உசிர் வரும்” என்று நாடகாசிரியை மறுத்துவிட்டார்.

மத்தியானச் சோறும் இல்லாமல் ஒவ்வொரு விசையாக, இரண்டு விசை சேர்த்து, மூன்று விசை சேர்த்து அமத்திப் பார்த்தேன். திரை ஒரு தடவை தலைகீழாகப் போய்த் திரும்பி வந்தது. அஸர் பாங்கு சொல்கிற நேரம், எந்த விரல் எதை அமத்தியதோ, ‘ழ’ வந்து விழுந்தது. “வந்திட்டுது!” என்று கத்தினேன். அடுக்களையிலிருந்து றஹீமா ஓடி வந்தாள். இரண்டு பேருமாகக் காமிலைக் கண் முழிக்க வைத்தோம். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

பிறகு நாடகம் தானாக நடந்தது. காமில் வீட்டுக்கு வந்தான். மனைவி சொன்ன இடத்தில் இருந்தான், சில இடங்களில் நான் சொன்ன வசனத்தைக்கூடப் பேசினான். “இது நல்லாருக்கே, எங்க இருந்து எடுத்தீங்கள்?” என்று றஹீமா கேட்டபோது எனக்குக் கலியாணப் புதிதில் இருந்த மாதிரி வெட்கம் வந்தது. திரும்பவும் எதுவும் தொலைந்துவிடும் என்ற பயத்தில் லெப்டொப்பை ஒரு தடவைகூட நான் அணைக்கவில்லை. வியாழக்கிழமை ஈமெயிலில் அனுப்பினோம், ‘கிடைத்தது, நன்றி’ என்று பதிலும் வந்தது. முடிவு நோன்புக்குப் பிறகுதானாம். பரிசு வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த நாடகத்துக்கும் என்னைத்தான் பக்கத்தில் இருக்கச் சொல்லியிருக்கிறாள். எல்லாம் நீங்கள் தந்த இயங்குதளத்தின் பரக்கத். அது என் வீட்டில் நிரந்தரமாக நிலைத்துவிட்டது, பழையது இனி இல்லை.

உங்கள் வேலையும் உடம்பும் செழிக்க, அடுத்த பெருநாளை எங்களோடு கொண்டாட, அல்லாஹ் வழி செய்வானாக. ராத்தாவின் ஸலாம்.

என்றும் அன்புள்ள மச்சான்,
முஹைதீன்.

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரம் நஸார் வந்து, தன்னுடைய பென்ட்ரைவ் என்று சொல்லி, நான் தடுக்கும் முன்னமே இழுத்துக் கழற்றிவிட்டார். திரை அப்படியே நின்றது. அணைத்துத் திரும்பப் போட்டால், ஆற அமர யோசித்துவிட்டு, பழைய இயங்குதளம் எழும்பி வந்தது. ஷப்னாவின் கல்யாணப் படம், ஓய்வூதியக் கடிதங்கள், எல்லாம் வைத்த இடத்தில். “முஹைதீன் நானா, முதல் நாள் ‘நிறுவு’ எண்டதை அமத்தினீங்களா, ‘முயன்று பார்’ எண்டதையா?” என்று நஸார் கேட்டார். ‘முயன்று பார்’ என்பது பணிவாக இருந்ததால் அதைத்தான் அமத்தினேன் என்றேன். “அப்ப நீங்கள் ஒண்டையும் மாத்தேல்ல. ‘நிறுவு’ எண்டதை அமத்தியிருந்தாத்தான் பழையதெல்லாம் அழிஞ்சிருக்கும். இவ்வளவு நாளும் இந்தப் பென்ட்ரைவிலதான் ஓடியிருக்கிறீங்கள்” என்கிறார். ஆகவே நிரந்தரம் என்று மேலே எழுதியதை வெட்டிவிடவும்.

றஹீமாவின் பழைய நாடகமும் பத்திரமாக இருந்தது. என் மேலுள்ள கோபத்தில்தான் காமிலைக் கொன்றாள் என்று இவ்வளவு நாளும் நம்பியிருந்தேன். திறந்து வாசித்தேன். முதல் வரி: ‘மையித்து வீடு. கணவன் காமில் இறந்து மூன்றாம் நாள். பெண்கள் அழும் சத்தம்.’ கடைசிப் பக்கம் வரை மச்சான், அந்த மனிதன் எழும்பவே இல்லை. ஏன் என்று கேட்டேன். “கதை தொடங்க ஆரோ ஒருத்தர் மவுத்தாகத்தானே வேணும். இந்த வீட்டில வேற ஆர் இருக்கினம்?” என்கிறாள். அதை அடுத்த வருடப் போட்டிக்கு அனுப்பும் யோசனையும் இருக்கிறதாம்.

பென்ட்ரைவை நஸாரிடமிருந்து திரும்ப வாங்கி வைத்திருக்கிறேன். ‘நிறுவு’ என்பதை எப்படி அமத்துவது என்று உடனே எழுதவும்.