ஒரு கிலோ கிழங்கும் ஒன்பது பேர் காபியும்

ஸ்டெய்ன்வோக்,
செப்டம்பர் 11

அன்புள்ள அக்கா குட்வேய்குக்கு, தம்பி ஒட்முண்ட் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. நான் சுகம், என் வலது முழங்கால் சுமார். நீயும் அத்தானும் தெற்கே ட்ராம்மெனில் பால்கனி வெயிலில் உட்கார்ந்து சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ பின்னி அனுப்பிய காலுறைகளில் ஒன்று கனகச்சிதம், நன்றி.

விஷயத்துக்கு வருகிறேன். போன கிறிஸ்துமஸ் அன்று ஆட்டு விலா சாப்பிட்ட கையோடு எல்லார் முன்னாலும் நீ சொன்னது உனக்கு மறந்திருக்காது. "உன் பொண்டாட்டி மாரித்தும் போய்ச் சேந்துட்டா, அந்தக் கல்லு மேல தனியா உக்காந்து என்னடா பண்ணப் போற? இங்க ரூம் சும்மாதான் கெடக்கு, வந்துரு. அந்த ஊர் மண்ணுல ஒரு கிலோ உருளைக்கிழங்கு வெளைய வெச்சுக் காட்டு, அப்புறம் நான் உன்னைக் கூப்பிடவே மாட்டேன்" என்றாய். செப்டம்பர் பத்து என்று கெடுவும் வைத்தாய். முடியாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறேன் என்று நானும் கை கொடுத்தேன். நேற்று செப்டம்பர் பத்து. நம் ஊரில் பெருமை பேசினால் மரியாதை இல்லை என்று எனக்குத் தெரியும், ஆகையால் ஒரே ஒரு தடவை சொல்கிறேன்: ஒரு கிலோ முந்நூற்று இருபது கிராம்.

இது சும்மா வந்துவிடவில்லை. நகராட்சி தனி ஆளுக்கு நிலம் தராதாம், கழகம் என்றால் தருமாம். ஆகவே கடைவாசல் பலகையில் 'தோட்டக் கழகம், விருப்பமுள்ளோர் பெயர் எழுதவும்' என்று தாள் ஒட்டினேன். எட்டு நாள் ஒரு பெயர் இல்லை. முதல் ஆளாக நிற்க யாருக்கும் மனம் வராது, நம் ஆட்கள் உனக்குத் தெரியாதவர்களா. ஒன்பதாம் நாள் நான் முதல் வரியை வெறுமனே விட்டுவிட்டு இரண்டாவது வரியில் என் பெயரை எழுதினேன், சாயங்காலத்துக்குள் கீழே எட்டுப் பேர் எழுதிவிட்டார்கள். முதல் வரி இன்றுவரை காலிதான். பிப்ரவரியில் முதல் கூட்டம். பேச வேண்டியது விதை, மண், உரம், பேசியது காபி. எந்த வியாழக்கிழமை யார் காபி போடுவது என்பதிலேயே ஒன்றேகால் மணி நேரம் போனது. ஒன்பது பேர், ஒன்பது வாரம் என்று தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற தோர்பியோர்க் கோடு போட்டு அட்டவணை எழுதி, சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். அன்று வேறு எதுவும் முடிவாகவில்லை.

இடம் பார்க்கும் பொறுப்பை மட்டும் என்னிடம் விட்டார்கள். விட மாட்டார்களா பின்னே, முப்பத்தொரு வருஷம் இந்த ஊரில் பனி வாரும் வண்டி ஓட்டியவன் நான், என்னைவிட யாருக்குத் தெரியும் இந்தத் தரை. விளையாட்டு அரங்கத்தின் பின்னால் பளிங்கு மாதிரி சமமான இடம், ஒரு கல் கிடையாது. மார்ச்சில் சறுக்குக் கட்டைகளில் போய், பனியில் சிவப்புக் குச்சி நட்டு ஒன்பது பாத்தி பிரித்தேன். சீட்டுக் குலுக்கினோம். கடல் பக்கப் பாத்திக்காக இரண்டு பேர் ஏப்ரல் முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை, அதாவது வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசிக்கொண்டார்கள். மே மாதம் பனி உருகியது. முதலில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது, பிறகு இன்னொன்று. தோர்பியோர்க் வந்து, "ஒட்முண்ட், என் பாத்தியில சக்கர நாற்காலிப் படம் வரைஞ்சிருக்கு" என்றாள். கார் நிறுத்துமிடம், அக்கா. தார் போட்டது. கோடை வந்தால் நான் மீன்பிடிப் படகில் போய்விடுவேன், எனக்கு இந்த ஊரை அக்டோபர் முதல் மே வரைதான் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. எனக்குப் பிறகு பனி வண்டி ஓட்டும் அஸ்லக்கும் கழகத்தில் இருக்கிறான். "நான் அப்பவே நெனச்சேன்" என்றான். சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று கேட்டேன். "நீங்க கேக்கலையே அண்ணே" என்றான்.

தாருக்குப் பக்கத்தில் மண் இருந்தது, ஆனால் ஊர்ப் பனியை எல்லாம் அஸ்லக் அதன் மேல்தான் கொட்டி வைத்திருந்தான், அரங்கத்துக் கூரை உயரத்துக்கு. கறுப்பாக்கினால் வெயிலுக்குச் சீக்கிரம் உருகும் என்று வீட்டு அடுப்புச் சாம்பலை எல்லாரும் வாளி வாளியாகக் கொண்டுவந்தோம். நான் கடைசி வாளியை உச்சியில் நின்று வீசிய நேரம், மே பதினேழு தேசிய தின ஊர்வலம் திருப்பத்தில் வந்தது. காற்று அந்தப் பக்கம். வெள்ளைச் சட்டை போட்ட பேண்டு வாத்தியக்காரர்கள் இருபத்திரண்டு பேர் சாம்பல் நிறத்தில் நகராட்சி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு சுரம் தவறவில்லை என்று எல்லாரும் பாராட்டினார்கள், ஆகவே அதில் எனக்கும் பங்குண்டு. ஜூன் பத்தொன்பதாம் தேதி மண் தெரிந்தது, அன்றே நட்டோம்.

ஜூலையில் என் செடி முழங்கால் உயரம். இரண்டு தடவை ஒரு கலைமான் வந்து, மற்ற எட்டுப் பாத்தியையும் தாண்டி, என்னுடையதை மட்டும் மேய்ந்தது. அஸ்லக் வீட்டில் கலைமான் மந்தை உண்டு, அதன் மேல்தான் எனக்குச் சந்தேகம். அவன் போய், யார் வீட்டு மான் என்று காட்டும் காது வெட்டுக் குறியைப் பார்த்துவிட்டு வந்து, "நம்மளுது இல்ல, ஆனா நல்லா வளந்த மான்" என்றான். அந்த வியாழக்கிழமை காபி நேரத்தில்தான் வாய் தவறி நம் பந்தயத்தைச் சொல்லிவிட்டேன். கிழங்கு வராவிட்டால் தெற்கே போக வேண்டியதுதான் என்றேன். தோர்பியோர்க் "அப்படியா" என்று சொல்லி என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

நேற்று அறுவடை. ஒரு நாளும் என்னை வீட்டுக்கு அழைக்காத தோர்பியோர்க், தோண்டப் போகுமுன் வாஃபிள் சாப்பிட வா என்றாள். ஐந்து தின்றேன். எழுந்தபோதெல்லாம் "இன்னொன்னு வெச்சுக்கோ, ஜாம் மிச்சம் இருக்கு" என்று உட்கார வைத்தாள், கண் மட்டும் ஜன்னலிலேயே இருந்தது. தோட்டத்துக்குப் போனால் மற்ற ஏழு பேரும் எனக்கு முன்னாலேயே வந்து, மண் கையோடு நிற்கிறார்கள். தோண்டினேன். மஞ்சள் கிழங்கு நட்டவனுக்குச் சிவப்பும் நீலத்தோலும் கூடவே வந்தன. சாம்பல் போட்ட மண் அப்படித்தான் நிறத்தை மாற்றும் என்று கால் மணி நேரம் விளக்கினேன். எல்லாரும் அவரவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மீன் ஆலைத் தராசில் எடை போட்டோம். இன்னொரு தடவை சொல்வதில் தப்பில்லை: ஒரு கிலோ முந்நூற்று இருபது.

நீ சொன்ன சொல் மாறாதவள், இனிக் கூப்பிட மாட்டாய் என்று தெரியும். அத்தானுக்கு என் அன்பு, பேரப்பிள்ளைகள் பல்லும் படிப்பும் குறைவில்லாமல் வளரட்டும், உன் பால்கனிக்கு நவம்பர் வரை வெயில் நிற்கட்டும்.

உன் தம்பி,
ஒட்முண்ட்
(தோட்டக் கழகம்)

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மதியச் சமையலுக்குக் கிழங்குகளைக் கழுவினேன். என் பாத்தி மண் சாம்பலால் கரி நிறம். நீலத்தோல் கிழங்கில் ஒட்டியிருந்தது வெள்ளைக் கடல் மணல், அதைப் போட்டது தோர்பியோர்க்கின் பாத்தியில் மட்டும். நேரே அஸ்லக்கிடம் போய், இதில் என் கிழங்கு எதுடா என்று கேட்டேன். வானத்தைப் பார்த்தான். "சின்னதா இருக்கறதெல்லாம் உங்களுதுண்ணே" என்றான். ஏன்டா இப்படிச் செய்தீர்கள் என்றேன். "நீங்க போயிட்டா எட்டுப் பேராயிரும், காபி முறை ஒதைக்கும். அட்டவணை வேற ஆணி அடிச்சு மாட்டியாச்சு" என்றான்.

சின்னதை மட்டும் எடை போட்டேன். தொண்ணூறு கிராம். ஆக நான் தோற்றுவிட்டேன் அக்கா, மேலே எழுதிய பெருமையை எல்லாம் அடித்துவிட்டுப் படி. கொடுத்த கைக்கு நான் மூட்டை கட்ட வேண்டியவன். ஆனால் தெருவில் எதிரே வந்தால் தலைகூட ஆட்டாத எட்டுப் பேர் தங்கள் கிழங்கைக் கொடுத்து, ஒருத்தி என்னை வாஃபிளோடு உட்கார வைக்க, மற்றவர்கள் மண்டி போட்டு என் பாத்தியில் புதைத்திருக்கிறார்கள். இருந்துவிடு என்று இந்த ஊரில் ஒருவரிடம் இதைவிடச் சத்தமாகச் சொல்ல முடியாது. எனக்கு இப்போதுதான் நிஜமாகவே பெருமையாக இருக்கிறது. நான் வரவில்லை. போன் போட்டுத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். வியாழக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குக் காபி என் முறை.