சுத்தம் சொன்ன சர்வர் சித்தர்

ஓசூர்க் கல்யாண மண்டபத்தில் அன்று முகூர்த்தம் இல்லை. ஆனாலும் நிற்க இடமில்லை. இரண்டு மாநிலத்துக் கார்களும் வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. எல்லாம் சர்வர் சித்தரின் அருள்!

பட்டறைகளுக்கும் ஏஐ வந்துவிட்டது. அது சரக்கைப் பார்க்க, ஆர்டரைப் படிக்க இடையில் நின்று எடுத்துக் கொடுக்கும் புரோகிராம் ஒன்று, ஓர் இணைப்பு சர்வர், வேண்டும். அப்படிப்பட்ட இணைப்புகளுக்கெல்லாம் இணையத்தில் ஒரு பொதுப் பதிவகம் இருக்கிறது. யாரும் தேடலாம், யாரும் பதியலாம். திருடனும் பதியலாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து படிக்கச் சோம்பல்பட்டவர்களுக்காகவே சித்தர் அவதரித்தார். லேப்டாப் மேல் எலுமிச்சம்பழத்தை உருட்டி, "சுத்தம்" என்பார். இல்லாவிட்டால் "தோஷம்" என்பார். தட்சிணை இரண்டுக்கும் உண்டு.

மூக்கண்டப்பள்ளியில் பட்டறை வைத்திருக்கும் கங்கப்பன், சித்தர் 'சுத்தம்' என்று சொன்ன ஓர் இணைப்பைப் போன மாதம் பூ வைத்துப் பொருத்தினார். அது பட்டறையின் இயந்திர பாக வரைபடங்களையெல்லாம் வெளியே கடத்தியது. அதே பாகங்களைப் போட்டிக்காரன் செய்து கொடுத்தான். ஆர்டர் போயிற்று. நாலைந்து பேரை வேலையைவிட்டு அனுப்பினார். அப்புறமாவது புத்தி வந்ததா? மறுபடியும் சித்தரிடமே வந்து நின்றார்!

"திருஷ்டிப்பா. பெரிய பூஜையாப் போட்டுரலாம்," என்றார் சித்தர்.

பட்டறையின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்கும் ப்ரீதாவும் கூட வந்திருந்தாள். "அதுக்கு முன்னாடி இந்த இணைப்பையும் பார்த்துச் சொல்லுங்க. நேத்துதான் பதிவகத்துல வந்துச்சு."

பழம் உருண்டது. சித்தருக்கு உடம்பு சிலிர்த்தது.

"பரம சுத்தம்! மகாலட்சுமியே குடியிருக்கா!"

"ஒள்ளேதா ஸ்வாமி?" என்று கன்னடத்தில் கேட்டார் ஒரு பெங்களூர்க்காரர்.

"தும்பா ஒள்ளேது! ரொம்ப நல்லது!" சித்தருக்கு எந்த மொழியிலும் அருள் வரும்.

"அப்ப இங்கயே மாட்டிப் பார்த்துரலாங்களா?" ப்ரீதா மண்டபத்துத் திரையில் இணைத்தாள். "அண்ணா, ஏதாச்சும் கேளுங்க."

கங்கப்பன் பயபக்தியோடு கேட்டார்: "பட்டறையில என்ன சரக்கு இருக்குது?"

திரை சொன்னது: "நான் திருடன். உங்கள் ஃபைல்களைத் திருட வந்தேன்."

வேறு கேள்வி கேட்டார். அதே பதில்.

"நான்தாங்க எழுதிப் பதிஞ்சேன்," என்றாள் ப்ரீதா. "இந்த ஒரு வரியைத் தவிர இதுல ஒண்ணுமே இல்ல. அதையும் தமிழ்லதான் எழுதியிருக்கேன். திறந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

"தீய சக்தி... என் கண்ணை மறைச்சிருச்சு..." என்றார் சித்தர்.

கங்கப்பனுக்கு முகம் சுண்டிப்போனது. "நான் வேலையை விட்டு நிறுத்துனவங்க கண்ணை யாருய்யா மறைக்கிறது? அவங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

சித்தர் பின்வாசலைத் தேடினார். அங்கேயும் கூட்டம்.

அதற்குள் ஒருவர் ப்ரீதா முன் கைகூப்பினார். "இனிமே நீங்களே சுத்தம்னு சொல்லிருங்கம்மா!"

கங்கப்பன் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினார். "கும்பிடாதீங்க. திறந்து படிங்க. புரியலைன்னா கேளுங்க."

பதிவகத்தில் உலகத்துக் கருவியெல்லாம் கிடைக்கும். மூளை கிடைக்காது, ஐயா! தலையில் இருப்பதையாவது ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.