மருமகள் நாளைக்கு ஏன் வர முடியாது

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கும் சகோதரி அவர்களுக்கும் அன்பான வணக்கம். என் முட்டிவலி தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே உங்கள் முட்டிவலி உட்பட எல்லாம் குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

ஒரு வருஷம் கழித்துப் பெண் நாளைக்கு வீட்டுக்கு வரப்போகிறாள் என்று நீங்கள் வழிமேல் விழிவைத்துக் காத்திருப்பீர்கள். அவள் வரமாட்டாள். பதறாதீர்கள், அவளுக்கு ஒன்றுமில்லை. ஓட்டை விழுந்திருப்பது அவள் ஆபீசில் கவனித்துக்கொள்ளும் சர்வர் கம்ப்யூட்டரில்தான். காலையில் அவள் பெட்டிமேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தபோது மேலாளர் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிகளில் டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்து கொடுப்பதுதான் அந்த சர்வரின் வேலை. அதில் ஓடுகிற மென்பொருளில் ஒரு ஓட்டை இருப்பதாக அதை எழுதியவர்களே அறிவித்துவிட்டார்களாம். "எதையாவது திருடிட்டுப் போயிடுவாங்களாம்மா?" என்று கேட்டேன். "எதையும் எடுக்க மாட்டாங்க மாமா. லைன்ல வந்து பாதி வார்த்தை பேசுவாங்க. மீதியைச் சொல்லவும் மாட்டாங்க, ஃபோனை வைக்கவும் மாட்டாங்க. நம்ம சர்வர் பாவம், முடிக்கட்டும்னு காத்துக்கிட்டே இருக்கும். இப்படியே எல்லா லைனையும் பிடிச்சுக்கிட்டா, நிஜமா உடம்பு முடியாதவங்களுக்கு லைனே கிடைக்காது" என்றாள். நான் ஆயுள் முழுக்க இன்சூரன்ஸ் ஏஜென்ட்டாக இருந்தவன். அந்த சர்வரின் பொறுமை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இவ்வளவு நல்ல குணத்தை ஏன் திருத்த வேண்டும் என்றுகூடக் கேட்டேன். அவள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்தாள்.

ஓட்டைக்கு அவர்களே அனுப்பிய அடைப்பை, அதாவது திருத்திய மென்பொருளை, முதலில் ஓரமாகச் சும்மா இருக்கும் ஒரு சர்வரில் போட்டுப் பார்ப்பார்களாம். அதற்கு வேண்டுமென்றே தொல்லை கொடுக்க ஆள் வேண்டுமே. "அத்தை, நீங்கதான் முதல் வில்லி" என்று என் மனைவியின் ஃபோனில் எதையோ ஏற்றிக் கொடுத்தாள், உங்கள் மாப்பிள்ளை இரண்டாவது வில்லன். பழைய மென்பொருளில் இரண்டு பேரும் பொத்தானை அமுக்கியதும் சர்வர் மூச்சுப்பேச்சில்லாமல் நின்றுவிட்டது. "விழுந்துடுச்சு! நான்தான் விழவெச்சேன்!" என்று என் மனைவி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். பிறகு உங்கள் பெண் புதியதைப் போட்டாள். இந்தத் தடவை சர்வர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பாதிப் பேச்சுக்காரர்களை எல்லாம் துண்டித்துவிட்டு, மற்றவர்களைக் கவனிக்கப் போய்விட்டது. "பட்டுனு வெச்சுடுச்சும்மா! என்ன திமிரு பாரு அதுக்கு!" என்று என் மனைவிக்கு ரோஷம் வந்து மறுபடி மறுபடி அமுக்கினாள். ஒன்றும் பலிக்கவில்லை. உங்கள் பெண் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

இனி நிஜமான சர்வரில் போட வேண்டியதுதான் பாக்கி. அதற்கு மேலாளர் "சரி" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சாயங்காலம் எல்லா ஆஸ்பத்திரிகளும் மறுநாளைக்கான பதிவைத் திறப்பதற்குள் முடித்தாக வேண்டும். அவள் கூப்பிட்டால் மேலாளரின் ஃபோன் எங்கேஜ்டு. மறுபடி கூப்பிட்டாலும் எங்கேஜ்டு. ஆபீஸ் முழுவதும் அவருக்காகக் காத்துக் கிடக்கிறது. சம்பந்தி, அந்த நேரத்தில் நான் பால்கனியில் அதே மேலாளரிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன். பெண்ணுக்கு லீவைக் கெடுத்துவிடாதீர்கள் என்று பக்குவமாகச் சொல்லலாம் என்றுதான் கூப்பிட்டேன். ஆனால் வீட்டிலுள்ள அத்தனை பேரையும் நலம் விசாரிக்காமல் விஷயத்தைத் தொடக்கூடாது என்பது எங்கள் தொழில் வழக்கம். அவருடைய அம்மாவின் கண் ஆபரேஷன் முடிந்து, மாமனாரின் சர்க்கரைக்கு வந்திருந்தேன். "சார், ஒரு அவசர வேலை..." என்று அவர் இழுத்தார். "அவசரமில்லாத வேலை உலகத்துல எது சார்?" என்று நான் விடவில்லை. அப்போது என் மனைவி எட்டிப் பார்த்து, "யார்கிட்டங்க இவ்வளவு நேரமா?" என்றாள். சொன்னேன். ஃபோனைப் பிடுங்கி அணைத்தே விட்டாள். அடுத்த நிமிஷமே அனுமதி வந்தது, பதிவு திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அடைப்பும் போட்டாயிற்று. உங்கள் பெண் கோபித்துக்கொள்வாள் என்று ஒடுங்கி நின்றேன். "லைனைப் பிடிச்சு வெச்சுக்கிற ஆளை வெளியில தேடிக்கிட்டிருந்தோம் மாமா, நம்ம வீட்டு பால்கனியிலயே நின்னிருக்கீங்க!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இப்படி ஒரு பெண்ணை எங்களுக்குக் கொடுத்ததற்கு உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

ஆனாலும் ஒரு ஆள் கூடவே இருந்து கண்காணிக்க வேண்டுமாம், அதனால் லீவு இல்லை என்றுவிட்டார்கள். அவள் பெட்டியைத் திறந்து பல் துலக்கும் பிரஷ்ஷை மட்டும் எடுத்து வெளியே வைத்தாள். எனக்கு மனசே கேட்கவில்லை. உங்களிடம் சொல்ல அவளுக்கு வாய் வராததால் நான் எழுதுகிறேன். ஃபோனிலேயே சொல்லியிருப்பேன், அது இன்னும் என் மனைவியின் கையில்தான் இருக்கிறது. கூரியரில் போட்டால் காலையில் உங்களுக்குக் கிடைத்துவிடும்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
லீவு வாங்கித் தரப் போய் இருந்ததையும் கெடுத்த
உங்கள் அன்புச் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள் மேலாளரே அவளைக் கூப்பிட்டார். சர்வர் ஒரு தொல்லையும் இல்லாமல் ஓடுகிறதாம், காவலுக்குத் தானே உட்கார்ந்துகொள்கிறாராம், ஒரு வாரம் போய்விட்டு வரட்டுமாம். ஒரே ஒரு நிபந்தனை, நான் இனிமேல் அவருக்கு ஃபோன் செய்யக்கூடாது. ஆகவே கூரியர் வேண்டாம் என்று கடிதத்தை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். இது உங்கள் கைக்கு வந்துவிட்டது என்றால் பெண் பெட்டியோடு வாசலில் நிற்கிறாள் என்று அர்த்தம். இதையெல்லாம் படித்து முடிக்கும்வரை அவளை அங்கேயே நிற்க வைத்துவிடாதீர்கள்.