மூன்று இணையதளமும் ஒரே குதிறையும்

கோச்சடை,
ஞாயிறு காலை.

அன்பு மாப்பிள்ளை அழகுராஜாவுக்கு,

உன் அக்காள் புருஷன் கருத்தக்கண்ணன் எழுதுவது. இங்கு நான், உன் அக்கா சுபலட்சுமி, பிள்ளை அஸ்வினி மூவரும் நலம். அலங்காநல்லூரில் நீயும் உன் வீட்டாரும் காளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ‘நம்புகிறேன்’ என்று எழுதவே இப்போது பயம். ஆதாரம் எங்கே என்று உன் மருமகள் கேட்பாள்.

போனில் பேசினால் உன் அக்கா காதில் விழும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆதாரமாகிவிடும். அதனால்தான் தபால்.

ஒன்பதாவது படிக்கும் அஸ்வினிக்கு சைனப் டீச்சர் ஒரு புராஜெக்ட் கொடுத்திருக்கிறார். உங்கள் தெருவின் வரலாற்றை இணையத்தில் தேடுங்கள், ஆனால் எதைப் பார்த்தாலும் எழுதியவர் யார், அவருக்கு எப்படித் தெரியும், வேறு யாராவது தனியாகச் சொல்லியிருக்கிறார்களா என்று மூன்று கேள்வி கேளுங்கள் என்றாராம். அன்றிலிருந்து வீடு போலீஸ் ஸ்டேஷன்தான். குரூப்பில் வந்த சீரகத் தண்ணீர் வைத்தியத்தை நான் வாசித்தால், எழுதின டாக்டர் பேர் என்ன என்கிறாள். பேருக்கு நான் எங்கே போவேன்? அடியில் இரண்டு ரோஜாப்பூவும் ஒரு கும்பிடும்தான் இருக்கிறது. மழை வருகிறது என்று உன் அக்கா சொன்னால்கூட மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் துணியை எடுக்கிறாள்.

சரி, பிள்ளைக்கு உதவுவோம் என்று எங்கள் குடும்ப வரலாற்றை எடுத்துக் கொடுத்தேன். அந்தக் காலத்தில் ஒரு ராஜா எங்கள் பாட்டன் கிணற்றில்தான் தன் குதிறைக்குத் தண்ணீர் காட்டினார் அல்லவா, அதுதான். தேடினாள். ஒன்றல்ல, மூன்று இணையதளத்தில் இருந்தது! “பாத்தியா, மூணு பேரு சொல்றான்” என்று மீசையைத் தடவினேன். அவள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “அப்பா, குதிறைக்குச் சின்ன ர-தான வரும்? மூணுலயும் பெரிய ற போட்டிருக்கு. மூணு பேருக்கும் ஒரே தப்பா வரும்? யாரோ ஒருத்தர் எழுதுனதத்தான் மத்தவுக காப்பி அடிச்சிருக்காக. அந்த ஆளு யாருன்னு கண்டுபிடிச்சு புராஜெக்ட்ல பேரைப் போடப் போறேன்” என்கிறாள்.

ஓர் எழுத்துக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா? குதிறை ஓடுகிற வேகத்துக்குப் பெரிய ற-தானே பொருத்தம்? மூன்று வருடத்துக்கு முன், பொங்கல் அன்று, நம் சொந்தக்காரர் குரூப்பில் யாரோ அதைப் போட்டார்கள், அங்கிருந்துதான் இணையத்துக்குப் போயிருக்கும். யார் என்று எனக்குச் சுத்தமாக நினைவில்லை. நீ என்றே வைத்துக்கொள்வோம். பத்தாவதில் நீ தமிழில் தட்டுத் தடுமாறித் தேறியது ஊருக்கே தெரியும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அவளுக்குப் போன் போட்டு, “நாந்தேன் எழுதுனேன் தாயி” என்று சொல்லிவிடு. மடியில் உட்காரவைத்துக் காது குத்திய தாய்மாமன் நீ. உன்மேல் அவள் கோபம் நிற்காது. என்மேல் நின்றுவிடும், மாப்ள. அப்பன் பொய் சொல்வான் என்று இதுவரை அவள் நினைத்ததே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உன் காளைக்குத் தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு.

இப்படிக்கு,
கருத்தக்கண்ணன்

பின்குறிப்பு: உன் ஊர் பின்கோடு என்ன என்று அஸ்வினியிடம் கேட்டது என் புத்திகெட்ட வேலை. கவரை வாங்கியவள் கடிதத்தையும் எடுத்துப் படித்துவிட்டாள். இதில் நான் எழுதிய மூன்று குதிரையையும் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள் (இப்போது சின்ன ர போட்டுவிட்டேன், பக்கத்திலேயே நிற்கிறாள்). “ஆளு கெடைச்சிட்டாரு” என்று சிரித்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நீ ஒன்றும் ஒப்புக்கொள்ள வேண்டாம். உனக்கு வருவது ஜெராக்ஸ். அசல் சைனப் டீச்சருக்குப் போகிறது. அதன் அடியில் அவள் எழுதியிருப்பது: ‘எழுதியவர்: என் அப்பா. அவருக்கு எப்படித் தெரியும்: தெரியாது.’