டிப்ளமாக்காரி தீட்டிய கத்தி

வீட்டில் முதலில் படித்தவளாக இருப்பதில் ஒரு கஷ்டம் உண்டு. இவளுக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டார் நம்பிவிடுவார்கள். அதைவிடப் பெரிய கஷ்டம், கொஞ்ச நாளில் நாமும் அதை நம்பிவிடுவோம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போய், ஒழுங்காக வெளியே வந்த முதல் ஆள் நான். அப்பா பள்ளிக்கூடம் போனது சுண்ணாம்பு அடிக்க. அம்மா இரண்டாம் வகுப்பில் ஒரு மழைக்காலம் வரைக்கும் போனாள். (அந்த மழை இன்னும் விடவில்லை என்பாள்.) நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா, முதல் வகுப்பில் தேறினேன். அப்பா பைபிள் வசனக் காலண்டரை இடம் மாற்றிவிட்டு, அந்த ஆணியில் என் சான்றிதழை மாட்டினார். வேலை மட்டும் வரவில்லை. அதனால் வீட்டில் இருந்துகொண்டு எல்லாருக்கும் அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு வெள்ளறடைப் பக்கம் ஒரு ரப்பர் நர்சரியில் ஒட்டு வைக்கும் வேலை. நாற்றின் பட்டையில் விரல் அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்ட வேண்டும். நல்ல மரத்தின் மொட்டைப் பட்டையோடு அதே அளவுக்குச் சீவி எடுத்து, அந்த ஜன்னலில் பொருத்தி, பிளாஸ்டிக் நாடாவால் சுற்ற வேண்டும். மூன்று வாரம் கழித்து நாடாவை அவிழ்த்து, நகத்தால் லேசாகச் சுரண்டினால் பச்சை தெரியும். பச்சை என்றால் ஒட்டு பிடித்தது. கறுப்பு என்றால் செத்தது.

இதில் கைக்கு அடுத்தது கத்திதான். மடக்குக் கத்தி. எங்கள் பேச்சில் பிச்சாத்தி. ஒவ்வொருத்திக்கும் சொந்தக் கத்தி உண்டு, ஒருத்தி கத்தியை இன்னொருத்தி தொடமாட்டாள். "புருசனக் கேட்டாக்கூட ரெண்டு நாளுக்குக் கொடுப்பாளுவ, பிச்சாத்தியக் கொடுக்கமாட்டாளுவ" என்பார் அப்பா.

அந்த வருடம் நர்சரியைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி கல்ஃபுக்குப் போய்விட்டார். ஒட்டு வைக்கும் பெண்களிலேயே ஒருத்தியை அவர் இடத்தில் சார்ஜ் ஆக்கப்போவதாக முதலாளி சொன்னார். ஆளுக்கு நூறு நாற்று. ஒரே நாளில் ஒட்டு வைக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து யார் பாத்தியில் பச்சை அதிகமோ அவள் சார்ஜ். சார்ஜ் என்றால் வருடம் முழுக்க வேலை. மற்றவர்களுக்கு ஒட்டுக் காலம் முடிந்தால் வேலையும் முடிந்தது. அம்மா பிறகு அண்டி ஆபீசில் முந்திரிப் பருப்புக்குத் தோல் உரிக்கப் போவாள். குத்தவைத்துக் குத்தவைத்து அவளுடைய முட்டி இரண்டும் போயிருந்தன. அந்தச் சார்ஜ் வேலை அவளுக்கு எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். அது அவளுக்குத்தான் என்று நர்சரி முழுக்கத் தெரியும். நூறு வைத்தால் தொண்ணூற்றைந்து பிடிக்கும் கை அது.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு லில்லி மாமி அம்மாவைத் தேடி வந்தாள். அவளும் அதே நர்சரிதான்.

"தங்கபாய், ஒனக்க சாணைக்கல்ல ஒரு மணிக்கூறு தருவியா? எனக்க கல்லு தேஞ்சு குழியாப் போச்சு."

அவள் கத்தி பளபளவென்று புதிதாக இருந்தது. நான் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். (டாக்டர்கள் எக்ஸ்ரே பார்ப்பது போல.)

"மாமி, இது எவர்சில்வராக்கும். துருப்பிடிக்காது. அவ்வளவுதான். இதுல கரண்டி செய்யலாம், ஒட்டு வைக்க முடியாது."

"எட்டி, எனக்க தம்பி குவைத்துல இருந்து கொண்டு வந்தது."

"குவைத்துல கரண்டி கிட்டாதா?"

லில்லி மாமி கத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "கரண்டியா கத்தியாண்ணு ரப்பர் சொல்லட்டு" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடியில் கல்லைப் போட்டு உட்கார்ந்தாள். அந்த உருக்கு சீக்கிரம் வழிக்கு வராது. அவள் அவசரப்படவில்லை. தண்ணீர் தெளிப்பாள், நாலு இழுப்பு இழுப்பாள், நகத்தில் வைத்துப் பார்ப்பாள், மறுபடி தெளிப்பாள்.

நான் அம்மாவின் கத்தியை எடுத்தேன். மரப்பிடி. ரப்பர்ப் பாலும் பட்டைக் கறையும் ஏறி அலகு கறுத்திருந்தது. கார்பன் உருக்கு, துடைக்காமல் வைத்தால் துருப்பிடிக்கும், ஆனால் தீட்டினால் முடியைக்கூடப் பிளக்கும் என்று விளக்கினேன். மாமி தலையை நிமிர்த்தவில்லை. அப்போதுதான் கவனித்தேன். அலகின் ஒரு பக்கம்தான் சரிவு. மறுபக்கம் பலகை மாதிரித் தட்டை.

"அம்மா, இத்தனை வருசமா ஒரு பக்கம் மட்டுமா தீட்டியிருக்க?"

"அது அப்பிடித்தான் மக்களே."

"எப்பிடித்தான்?"

"அது... அப்பிடித்தான்."

(இதற்கு மேல் விளக்க அந்த இரண்டாம் வகுப்பு மழை இடம் கொடுக்கவில்லை என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட கொழுப்பு!)

"கொண்டா, நான் மெஷின்ல போட்டுத் தாறேன். ரெண்டு பக்கமும் சமமா, கணக்காக் கோணம் வச்சு."

அம்மா கத்தியை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். எனக்கு அதுவே போதுமான பதில். ஆனால் கிணற்றடியிலிருந்து மாமி சொன்னாள்:

"கொடு தங்கபாய். டிப்ளமா படிச்ச பிள்ளையில்லா. பெத்தவளே நம்பல்லேண்ணா ஊரு எப்பிடி நம்பும்?"

அம்மா கத்தியை எடுத்து என் கையில் வைத்தாள்.

பனச்சமூட்டில் அப்பாவின் சிநேகிதர் பேபி மாமாவுக்கு வெல்டிங் கடை உண்டு. அங்கே ஒரு சாணை மெஷின் ஓடும். அப்பாவும் தன் பாக்கு வெட்டும் மடக்குக் கத்தியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லன் அடித்த கத்தி அது. கனம். முதலில் அதை மெஷினில் வைத்தேன். பொறி பறந்தது. இரண்டு நிமிடத்தில் கத்தி கத்தியானது. அப்பா முன்கை முடியை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, "கொள்ளாம்" என்றார். என் டிப்ளமாவுக்குக் கிடைத்த முதல் பாராட்டு. கடைசிப் பாராட்டும் அதுதான்.

அந்தத் தைரியத்தில் அம்மாவின் கத்தியை வைத்தேன். அப்பாவுடையது கட்டை. அம்மாவுடையது வெற்றிலை மாதிரி மெல்லிசு. அந்த வித்தியாசம் எனக்குத் தோன்றவே இல்லை. சரிவுப் பக்கத்தைத் தீட்டினேன். பிறகு, இத்தனை வருட அநீதிக்கு முடிவு கட்டுவது போலத் தட்டைப் பக்கத்தையும் தீட்டிச் சரித்தேன். அலகின் ஓரத்தில் ஒரு நிறம் ஓடியது. முதலில் வைக்கோல் மஞ்சள். பிறகு பழுப்பு. பிறகு மீன்கொத்தியின் முதுகு போல ஒரு நீலம். நான் ரசித்துக்கொண்டு நின்றேன். தண்ணீரில் முக்கியபோது ஸ்ஸ் என்றது.

பேபி மாமா எட்டிப் பார்த்தார். "மோளே, நீலம் வந்துதே?"

"அழகாத்தானே இருக்கு மாமா."

அவர் என்னைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "ம்... நீ படிச்ச பிள்ள. ஒனக்குத் தெரியும்" என்று திரும்பிப் போய்விட்டார். வீட்டில் பேப்பரை வெட்டிக் காட்டினேன். வழுக்கிக்கொண்டு போனது.

மறுநாள் சாயங்காலம் அம்மா கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள்.

"கத்தி எப்பிடிம்மா?"

"வெண்ணெய் மாதிரி மக்களே" என்றாள். நான் வேறு எதையும் கேட்கவில்லை. விரலைப் பற்றிக்கூட.

மூன்று வாரம் நான் தரையில் நடக்கவில்லை. அம்மாவுக்குக் கத்தி தீட்டிக் கொடுத்ததைச் சர்ச்சில் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். நாடா அவிழ்க்கும் நாளில் இஸ்திரி போட்ட சுடிதாரோடு நர்சரிக்கே போய் நின்றேன்.

லில்லி மாமியின் பாத்தியில் தொண்ணூற்றிரண்டு பச்சை.

அம்மாவின் பாத்திக்கு வந்தார்கள். முதல் எட்டும் பச்சை. நான் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தேன். ஒன்பதாவது கறுப்பு. பத்தாவது கறுப்பு. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. நடுவில் ஒரு பச்சை வந்தபோது யாரோ "ஓ" என்றார்கள், இரக்கத்தில். மொத்தம் முப்பத்தொன்று பச்சை.

லில்லி மாமி, யாரும் யாருக்கும் செய்யாத காரியத்தைச் செய்தாள். அம்மாவின் மடியிலிருந்து கத்தியை உருவி, விரித்து, வெயிலில் திருப்பினாள்.

"இதுக்க உருக்கு செத்துப்போச்சு. நீலம் பாஞ்சிருக்கு பாருங்க. சூடேறி வாய் மெழுகாப் போச்சு. தட்டைப் பக்கத்தையும் சரிச்சு வச்சிருக்கு. இத வச்சு ஜன்னல் வெட்டினா, பட்டையப் பிச்செடுக்காம என்ன செய்யும்?"

அந்த நிமிடம் என் கண் முன்னால் ஒரு பரீட்சைத் தாள் வந்தது. உருக்கு சூடாகும்போது அதில் வரும் நிறங்களை விளக்குக. நான் எழுதியிருந்தேன்: வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம். நீலம் வந்தால் கடினம் போய்விடும், மெல்லிய வெட்டுமுனைக்கு உதவாது. இரண்டு நிறப் பேனாவில் அடிக்கோடு. முழு மதிப்பெண். அதே நீலம் என் கையில், என் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தபோது, அழகாக இருக்கிறது என்று நின்றவள் நான். நாலாம் வகுப்போடு நின்ற லில்லி மாமி அதைப் படித்துவிட்டாள்.

"ஆராக்கும் இதத் தீட்டினது?" என்று முதலாளி கேட்டார்.

ஒரே ஒரு சொல்தான். நான். சின்னச் சொல். வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"கத்திக்கு ஒண்ணும் இல்ல மொதலாளி. எனக்க கண்ணாக்கும். ஒரு வருசமாச் சரியாத் தெரியல்ல. சொல்லாம இருந்தேன்."

"தங்கபாய்..." என்றாள் மாமி.

"நீ சும்ம இரு லில்லி. எனக்க கண்ணு எனக்கில்லா தெரியும்."

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். பிறகு என் சுடிதார் நுனியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினேன். அது போகவில்லை. தட்டிக்கொண்டே இருந்தேன்.

முதலாளி நல்ல மனிதர். வருத்தத்தோடுதான் சொன்னார்: "கண்ணாடி வாங்கி வச்சிட்டு வா தங்கபாய். அது இல்லாம இனி கத்தி எடுக்கண்டா."

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன். "ஏம்மா அப்பிடிச் சொன்ன? எப்போ தெரிஞ்சுது ஒனக்கு?"

"ஒம்பதாவது நாத்த வெட்டினப்போ."

"அப்பவே மொதலாளிட்ட வேற கத்தி கேட்டிருக்கலாமில்லா?"

"ஏன் எதுக்குண்ணு கேப்பாளுவ. ஒனக்க டிப்ளமாவப்பத்தி நான் அங்க கொஞ்சமாப் பேசியிருக்கேன்? இனி அவளுவ முகத்துல எப்பிடி முழிக்கியது? கண்ணுண்ணா கண்ணாடி உண்டு." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பனச்சமூட்டுக் கண்ணாடிக் கடைக்காரர் அம்மாவைச் சோதித்தார். எழுத்து தெரியாதவர்களுக்கான அட்டையில் கடைசி வரிவரைக்கும் தப்பில்லாமல் கை காட்டினாள். "கண்ணு நல்லா இருக்கே, பவர் வேண்டாம்" என்றார் அவர். "பவர் இல்லாத்த கண்ணாடி உண்டா?" என்று கேட்டாள் அம்மா. நாடகத்துக்கா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன் நான். (அன்றைக்கு நான் பேசிய ஒரே உண்மை.)

லில்லி மாமி இப்போதும் சார்ஜ். நல்ல சார்ஜ், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அம்மாவின் பாத்தி வரும்போது மட்டும் எழுந்து நிற்பாள். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு, புதிதாக வாங்கிய கத்தியோடு அதே வெயிலில் குத்தவைத்திருக்கிறாள். ஒட்டுக் காலம் முடிந்தால் அண்டி ஆபீஸ். எனக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. மற்றவர்கள் செய்த பாகங்களில் குறை கண்டுபிடிக்கும் வேலை. நர்சரி முதலாளியிடம் நான் இதுவரைக்கும் உண்மையைச் சொல்லவில்லை.

நர்சரிக்காக ஆரம்பித்த கண்ணாடியை ஊருக்காகவும் போட வேண்டியதாயிற்று. பேங்கில் முன்பின் தெரியாதவர்கள் அம்மாவிடம் ஃபாரத்தை நீட்டி, "டீச்சரே, இதொண்ணு எழுதித் தாங்க" என்கிறார்கள். ஊசியில் நூல் கோக்கவும் அரிசியில் கல் பொறுக்கவும் அவள் முதலில் கண்ணாடியைக் கழற்றி வைப்பாள். வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் அதைப் பார்த்து முழிப்பார்கள். யாராவது கேட்டும்விடுவார்கள், இது என்ன பவர் என்று.

அப்பா அதற்காகவே காத்திருப்பார். "டிப்ளமா பவராக்கும்" என்பார். வீடே சிரிக்கும். விருந்தாளிகள் புரியாமல் சிரிப்பார்கள். நான் எல்லாருக்கும் முன்னால் சிரித்துவிடுவேன்.

அம்மா மட்டும் சிரிப்பதில்லை. "சும்ம இருங்க, பிள்ள காதுல விழும்" என்று அப்பாவை அடிக்குரலில் அதட்டுவாள். நான் அவள் தோளை ஒட்டித்தான் உட்கார்ந்திருப்பேன்.