எங்க நகர்ல தண்ணியே வராது சார்!

போன வாரம் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. எங்க வீட்டுக்குள்ள வெள்ளத் தண்ணி வந்ததை இன்சூரன்ஸ் சர்வேயருக்குக் காட்டணும். அவ்ளோதான்.

காட்ட முடியல.

மேற்கு தாம்பரத்துல, முடிச்சூர் பக்கம் இருக்கற எங்க நகரோட பேர் 'லேக் வியூ கார்டன்'. லேக்கைப் பார்க்க நாம எங்கயும் போக வேண்டாம். நாலு நாள் நல்லா மழை பேஞ்சா லேக்கே வந்து நம்மளைப் பார்த்துட்டுப் போகும். இந்த வாட்டி ஹால்ல முட்டி அளவு நின்னுச்சு. நானும் என் மனைவி எஸ்தரும் துணிமணியை மாடிப்படியில ஏத்தி வச்சுட்டு, கோவிலம்பாக்கத்துல இருக்கற அவ சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

சித்தி வீட்ல எல்லாரும் எங்களைப் பார்த்து உச்சு கொட்டினாங்க. நான் மட்டும் மாப்பிள்ளை முறுக்கோட கால் மேல கால் போட்டு உக்காந்திருந்தேன். ஏன்னா என்கிட்டதான் வெள்ளத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசி இருக்கே!

"பேங்க்ல லோன் போடறப்ப எடுக்கற இன்சூரன்ஸ் வெறும் கட்டடத்துக்குத்தான் சித்தப்பா. உள்ள இருக்கற சாமானுக்குத் தனியா எடுக்கணும். நான் எடுத்திருக்கேன். நிறைய பேருக்கு இது தெரியறதில்ல."

சித்தப்பா டிவி சவுண்டைக் கூட்டினார்.

பேச்சுதான் பெருசு. ஃப்ரிட்ஜ், மெத்தை, வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் எல்லாமே போன வெள்ளத்துக்கு அப்புறம் கஷ்டப்பட்டு வாங்கினது. மறுபடியும் அத்தனையையும் வாங்க எங்களால முடியாது. அந்த பாலிசி மட்டும்தான் ஒரே தெம்பு.

கம்பெனிக்கு போன் பண்ணினேன். சர்வேயரே லைன்ல வந்தார். ரொம்ப மரியாதையான மனுஷன்.

"தண்ணி வடிஞ்சதும் நான் வந்து பார்க்கறேன் சார். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க. கழுவாதீங்க, தூக்கிப் போடாதீங்க. முடிஞ்சா போட்டோ எடுத்து வைங்க."

எவ்ளோ ஈஸி பாருங்க! ஒண்ணுமே செய்யாம இருக்கணும். எனக்குன்னே அளவெடுத்துத் தைச்ச வேலை.

தண்ணி வடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் எஸ்தர்கிட்ட விவரமா சொன்னேன். "நாளைக்கு சர்வேயர் வர்றார். எதையும் தொடக் கூடாதாம்." அவ சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அதோட அர்த்தம் எனக்குப் புரிஞ்சிருக்கணும். புரியாம ஆபீஸ் கிளம்பிப் போயிட்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்தா கேட்லயே பினாயில் வாசனை!

உள்ள போனா தரை பளபளன்னு இருக்கு. சுவத்துல தண்ணி நின்ன கோடு இருந்த இடத்துல பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சு, கோடும் இல்ல, பாதி பெயின்ட்டும் இல்ல. ஜன்னலுக்குப் புது ஸ்கிரீன் வேற.

"எஸ்தர்! தொடக் கூடாதுன்னு சொன்னேனே!"

"வர்ற மனுஷன் இந்தச் சேத்துலயா வந்து நிப்பார்? வீட்டை இப்படி வச்சிருக்காங்களேன்னு என்னைத்தானே நினைப்பார்? உங்களையா நினைப்பார்?"

"ஃப்ரிட்ஜ் எங்க?"

"நாத்தம் தாங்கல. பழைய இரும்பு வண்டிக்காரர்கிட்ட போட்டுட்டேன். மெத்தையையும் இன்வெர்ட்டரையும் அவரே எடுத்துட்டுப் போயிட்டார். வாஷிங் மெஷின் மெக்கானிக் கடையில. வண்டிக்காரர் பதிலுக்கு ரெண்டு பிளாஸ்டிக் பக்கெட் குடுத்தார், நல்ல கெட்டி. அடுத்த மழைக்கு உதவும்."

நான் அந்தப் பக்கெட்டையே பார்த்துக்கிட்டு நின்னேன். அழலாம்னு தோணிச்சு. தரை ஈரமாயிடும், மறுபடியும் துடைப்பாளேன்னு விட்டுட்டேன்.

மறுநாள் காலையில சர்வேயர் வந்தார். நாவலூர்ல ஒரு வேலையை முடிச்சுட்டு நேரா வர்றாராம். கையில ஃபைல், பாக்கெட்ல அளக்கற டேப். வாசல்ல செருப்பைக் கழட்டினவர், தரையைப் பார்த்துட்டு சாக்ஸையும் கழட்டினார்.

"வீடு ரொம்ப நீட்டா வச்சிருக்கீங்க மேடம்."

எஸ்தர் என்னை ஒரு பார்வை பார்த்தா பாருங்க! ஜெயிச்ச பார்வை.

"சார், இங்கதான் ஃப்ரிட்ஜ் இருந்துச்சு."

"இருந்துச்சா?"

"இப்ப பக்கெட் இருக்கு."

அவர் பக்கெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தண்ணி வந்ததுக்கு போட்டோ ஏதாவது?"

இருக்கே! வெள்ளம் வந்தன்னிக்குக் கரண்ட் இல்ல, போன்ல கொஞ்சூண்டு சார்ஜ்தான். அந்த சார்ஜ் மொத்தத்தையும் ஒரு வீடியோவுக்குத்தான் செலவு பண்ணியிருந்தேன். எங்க ஹால்ல ஒரு கெண்டைக் குஞ்சு நீந்திக்கிட்டு இருந்துச்சு. அது கண்ணு தெரியற அளவுக்குக் கிட்டக்க வச்சு, அவ்ளோ ரசனையா எடுத்திருந்தேன். சுவர் தெரியல, சோபா தெரியல, மீன் மட்டும் தெளிவா தெரியுது.

சர்வேயர் முழுசாப் பார்த்தார். "அக்வேரியம் நல்லா மெயின்டெயின் பண்றீங்க சார்."

சரி, வெளிய காட்டலாம்னு தெருவுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒவ்வொரு வீட்டு காம்பவுண்ட் சுவத்துலயும் தண்ணி கோடு இருக்குமே!

இல்ல. தெரு பூரா வெள்ளை வெளேர்னு சுண்ணாம்பு.

எங்க நகர்ல ஒரு எழுதாத சட்டம் உண்டுங்க, அந்த அவசரத்துல எனக்கே மறந்துபோச்சு. தண்ணி வடிஞ்ச கையோட அசோசியேஷன் செலவுல எல்லா காம்பவுண்டுக்கும் சுண்ணாம்பு அடிச்சிடுவோம். நகர் வாட்ஸ்அப் குரூப்ல வெள்ளம்னு ஒரு வார்த்தை, ஒரு போட்டோ வரக் கூடாது. வெளியாளு யாராவது கேட்டா எல்லாரும் ஒரே பதில்தான் சொல்லணும். மனை ரேட்டு இறங்கிடக் கூடாதுல்ல?

அதுக்குள்ள எதிர் வீட்டு தேவசகாயம் சார் வெளிய வந்துட்டார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், அசோசியேஷன் செகரட்டரி. டேப்போட ஒருத்தர் தெருவுல நின்னா அவருக்கு மூக்குல வேர்த்துடும்.

"வாங்க வாங்க. வீடு பார்க்கவா? அருமையான ஏரியா!"

"இங்க மழைத் தண்ணி எந்த அளவுக்கு வரும் சார்?"ன்னு சர்வேயர் கேட்டார்.

"தண்ணியா! இங்கயா!" ஹெட்மாஸ்டர் சிரிச்ச சிரிப்பு இருக்கே, பிரேயருக்கு லேட்டா வந்த பையனைப் பார்த்துச் சிரிக்கற சிரிப்பு. "இது மேடு சார். தாம்பரமே முங்கினாலும் எங்க நகர் முங்காது."

நான் பின்னாடி நின்னு வேண்டாம் வேண்டாம்னு கண்ணைக் காட்டினேன். அவர் அதை 'இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லுங்க'ன்னு எடுத்துக்கிட்டார்.

"வெயில் காலத்துல எங்களுக்குத் தண்ணிக் கஷ்டமே உண்டு!"

அப்பதான் மீன்கார அக்கா ஸ்கூட்டர்ல வந்து நின்னாங்க. கோவளத்துல இருந்து மீன் கொண்டாந்து விக்கறவங்க. வெள்ளத்தப்ப இதே தெருமுனையில முட்டி அளவு தண்ணியில வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்து, "இன்னிக்கு மீன் எதுக்கு சார், வூட்டுலயே கீதே"ன்னு என்னைக் கிண்டல் பண்ண அதே அக்கா. எனக்கு உசுரே வந்துச்சு.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. இங்க தண்ணி நின்னுச்சுல்ல?"

அக்கா என்னைப் பார்த்தாங்க. டேப்பைப் பார்த்தாங்க. தேவசகாயம் சாரைப் பார்த்தாங்க.

"இன்னா சார் கேக்குற? நானு டெய்லி வண்டி ஓட்டிகினு வரேன், ஒரு சொட்டு நின்னது கெடையாது. வூடுன்னா இங்கதான் சார் வாங்கணும்!"

எனக்கு நல்லது பண்ணிட்டதா நினைச்சு ஒரு கண் சிமிட்டல் வேற.

பொறுக்க முடியாம தேவசகாயம் சாரை ஓரமா இழுத்துட்டுப் போனேன். "சார்! அவர் வீடு வாங்க வந்தவர் இல்ல. இன்சூரன்ஸ் சர்வேயர். தண்ணி வந்துச்சுன்னு சொன்னாத்தான் எனக்கு கிளெய்ம் கிடைக்கும்!"

அவர் முகம் மாறிடுச்சு. அப்பாடா, புரிஞ்சுடுச்சு.

"கம்பெனி ஆளா? அப்ப எழுத்துல போயிடுமே தம்பி! என் பின்பக்க மனையை வாங்கப் பார்ட்டி வந்திருக்கற நேரத்துல!" திரும்பிப் போய் சர்வேயர் கையையே பிடிச்சுக்கிட்டார். "சார், ஒரு டீச்சரா சொல்றேன். தண்ணி வந்ததே இல்ல."

சர்வேயர் என் பக்கம் திரும்பினார். பாவமாத்தான் பார்த்தார். "பாலிசி எடுக்கறப்ப உங்க ஏரியாவுல தண்ணி தேங்குமான்னு போன்ல கேட்டிருப்பாங்க. நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்துச்சு. பழக்க தோஷம். "தண்ணியா? இங்கயா? மேடு மேடம்!"

"ரெக்கார்டிங் இருக்கு சார். தண்ணி வந்துச்சுன்னா நீங்க அன்னிக்கு மறைச்சிருக்கீங்க. வரலைன்னா இன்னிக்கு கிளெய்ம் இல்ல. எதை எழுதட்டும்?"

ரெண்டுமே நான் சொன்னதுதான், எதைன்னு சொல்லுவேன்? எஸ்தர் குடுத்த காபியைக் குடிச்சுட்டு, தரையை மறுபடியும் பாராட்டிட்டு அவர் போயிட்டார்.

நேத்து கம்பெனி லெட்டர் வந்துச்சு. 'நேரில் ஆய்வு செய்ததில் குறிப்பிட்ட வீட்டிலோ சுற்றுப்புறத்திலோ வெள்ளநீர் புகுந்ததற்கான அறிகுறி எதுவும் காணப்படவில்லை.' கீழ சீல், கையெழுத்து. நேரா எதிர் வீட்டுக்குப் போய் லெட்டரை தேவசகாயம் சார் கையில திணிச்சேன்.

"பாருங்க சார், நீங்க பண்ணின வேலையை!"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நிதானமாப் படிச்சார். ரெண்டாவது வாட்டி படிக்கறப்ப கண்ணு கலங்கிடுச்சு. சரி, மனுஷனுக்கு உறுத்துது போலன்னு நினைச்சேன்.

"தம்பி, நம்ம நகருக்கு இப்படி ஒரு சர்டிபிகேட் வாங்க நான் எத்தனை வருஷமா அலையறேன் தெரியுமா? ஒரு ஜெராக்ஸ் குடுங்களேன், ஃப்ரேம் போட்டு அசோசியேஷன் ரூம்ல மாட்டிடறேன்."

குடுத்தேன். கலர் ஜெராக்ஸாவே குடுத்தேன். எனக்கும் ஒரு நாள் வீட்டை விக்கணும்ல!