கூட வந்த அம்மா

நூலகத்தைச் சுற்றிக்காட்டி முடிப்பதற்குள் அந்தப் பெண் மறுபடியும் கொட்டாவி விட்டாள். ரேடியோ பேச்சின் வேகத்தைக் கூட்டினான்.

ஓயாத பேச்சால் அந்தப் பெயரை வாங்கியவன் அவன். மூன்றாம் ஆண்டு மாணவன். கல்லூரியைப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுவது அவன் பொறுப்பு. போன வாரம் அவன் பேச்சைக் கேட்டவர்கள் நேராக எதிரே இருந்த கல்லூரியில் போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

"இந்தத் தடவையும் கோட்டை விட்டே, உனக்குப் பதிலா ஒரு போர்டை நட்டு வெச்சிடுவேன்" என்று சேர்க்கை அலுவலர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

"தம்பி, கடைசி பெஞ்சுல உக்காந்தா எழுதறது தெரியுமா?" என்று கேட்டார் கூட வந்த அம்மா.

"நல்லாத் தெரியும்மா" என்று சொல்லிவிட்டு மகள் பக்கம் திரும்பினான். "சிஸ்டர், கிரவுண்டுக்குப் போலாமா?"

"வெயில் எனக்கு ஆகாது."

கேன்டீனுக்குக் கூட்டிப்போனான். அவள் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளி வைத்தாள். அம்மாவோ, பக்கத்து மேசையில் சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தையே பார்த்தார்.

"இவங்கல்லாம் புதுசா வர்றவங்களைச் சேத்துக்குவாங்களா, தம்பி?"

"உங்க பொண்ணைத் தங்கமாப் பாத்துக்குவோம்மா!"

"அது இல்ல தம்பி, வந்து..."

ரேடியோ இடம் கொடுத்தால்தானே? கடைசி அஸ்திரமாக மகளின் பக்கம் குனிந்து கிசுகிசுத்தான். "இங்க சேந்துட்டா பாதி நாள் அம்மா நச்சரிப்பே இருக்காது, சிஸ்டர்."

"கேட்டுச்சு தம்பி" என்றார் அம்மா.

அவன் முகம் தொங்கிவிட்டது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அப்படி அவனை யாரும் பார்த்ததில்லை.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றான். "நான் சேந்த புதுசுல யாரும் என்கிட்ட பேசல. அதோ, அந்த ஜன்னலோரம் தனியா சாப்பிடுவேன். அந்தப் பயத்துலதான் இப்படி வளவளன்னு பேசப் பழகிட்டேன். மத்ததெல்லாம் எப்படியோ, புதுசா யாராவது தனியா உக்காந்தா நான் போய்ப் பக்கத்துல உக்காருவேன். அது நிச்சயம்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது போதும். இங்கேயே சேந்துடலாம்."

ரேடியோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்போ திங்கட்கிழமை கிளாஸுக்கு வந்துடுவீங்கல்ல, சிஸ்டர்?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் படிச்சு முடிச்சு வேலைக்கே போயாச்சு தம்பி. சேரப் போறது அம்மா."